முத்திரை வாட்ச்

வாட்ச் வாங்க யுவராஜ் மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். பெண் பார்த்தபோதுகூட அவன் அவ்வளவு யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கோகிலவாணியைப் பார்த்தான், சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லியனுப்பிவிட்டான். வாட்ச் விஷயத்தில் மட்டும் ஆபீசில் நாலு பேரைக் கேட்டான். நாலு பேரும் நாலு வாட்சைச் சொன்னதால் எட்டுப் பேரைக் கேட்டான்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. பம்புசெட் கம்பெனியில் விற்பனை மேலாளர். சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் ஓடச் சொன்னார், ஓடினான், பிடித்துப்போய்விட்டது. கோகிலவாணிக்கு ஓட்டம் புதிதில்லை. கல்லூரிக் காலத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் பல்கலைக்கழக அணிக்காக ஓடியவள். இப்போது மாநகராட்சிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. தினமும் காலையில் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள். இருபது வருஷமாக நெஞ்சில் துடிப்பை அளக்கும் ஒரு பட்டைதான் கட்டி ஓடுகிறாள், அந்தப் பட்டையும் இரண்டு முறைதான் மாறியிருக்கிறது.

"மணிக்கட்டுல வெளிச்சம் அடிச்சு ரத்தம் ஓடறதப் பாக்கற சமாச்சாரமுங்க அது. வேர்த்தாத் தப்பாக் காட்டும், லூசா இருந்தாத் தப்பாக் காட்டும். நெஞ்சுப்பட்டைன்னா துடிப்ப நேராப் புடிச்சுக்கும். அதையே வாங்கிக்கோங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"நெஞ்சுப்பட்டை கட்டிட்டுப் போனா பந்தயத்துல சேத்துக்க மாட்டாங்களே கோகி. முத்திரை வாட்ச்தான் வேணுமுங்கறாங்க."

அது உண்மைதான். ஓட்டப் பந்தயங்களில் ஆட்கள் சுருண்டு விழுவது அதிகமாகிப் போய், அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் ஓடுகிற பந்தயமென்றால் ஒவ்வொருவர் கையிலும் முத்திரை வாட்ச் இருக்க வேண்டும். யார் இதயம் எந்த நிமிஷத்தில் எப்படித் துடித்தது என்பதற்கு அதன் பதிவுதான் சாட்சி. கோர்ட்டும் அதைத்தான் கேட்கும். மனிதர்கள் சொல்வதையெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்கும்.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் ஒன்பது வாட்சை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். கோகிலவாணி பட்டையின் அகலத்தையும் பின்பக்க விளக்கையும் பார்த்தாள். யுவராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதில் நம்பர் தெரிகிறது என்று பார்த்தான். கடைசியில் நம்பர் பெரிதாகத் தெரிந்த வாட்ச் ஜெயித்தது.

"மொதல் எழுபத்திரண்டு மணி நேரம் கழட்டவே கூடாதுங்க சார்" என்றார் கடைக்காரர். "குளிக்கறப்பவும் போட்டுக்கணும். கைரேகை மாதிரிதான் இதுவும். ஒருத்தர் துடிக்கற மாதிரி இன்னொருத்தர் துடிக்க மாட்டாங்க. உங்க இதயம் எப்படி ஏறுது, எப்படி எறங்குதுன்னு மூணு நாள்ல படிச்சுக்கும். அப்பறம் உங்க பேர்ல முத்திரை விழுந்துரும்."

"அதுக்கு அப்பறம் வேர்த்தா?"

"வேர்த்தாலும் சரி, பட்டை லூசானாலும் சரி, உங்க இதயம் எப்படின்னுதான் அதுக்குத் தெரியுமுங்களே. கோணல்மாணலா ஏதாவது வந்தா, இது இவரோடது இல்ல, பிழைன்னு அதுவே திருத்திக்கும்."

"அப்ப தப்பே காட்டாதா?"

"காட்டவே காட்டாதுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அவர் யுவராஜின் பெயரையும் வயதையும் ஏற்றிப் பொத்தானை அமுக்கினார். திரையில் எழுபத்திரண்டு என்று வந்து, நொடிகள் குறைய ஆரம்பித்தன. யுவராஜ் கையை நீட்டினான்.

அந்த நேரம் பார்த்து அவன் அக்கா புவனேஸ்வரி போன் செய்தாள். வாட்ச் வாங்கப் போகிறேன் என்று காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தான். காலம் எவ்வளவு மாறினாலும் புவனேஸ்வரி வீட்டில் தினசரிக் காலண்டர் தாள் கிழிபடுவது மட்டும் மாறவில்லை.

"டேய், இன்னிக்கு சந்திராஷ்டமத்துல உன்ற நட்சத்திரம் போட்டிருக்குடா, திருவாதிரை. புதுசு எதையும் மேல போட்டுக்காத. வாங்கறது வாங்கிக்கோ, ரெண்டு நாள் போகட்டும்."

"ஆன் பண்ணிட்டாங்கக்கா. மணி ஓடுது."

"ஓடட்டும். கோகிலா கையில கட்டச் சொல்லு. அவ கை ராசியான கை."

யுவராஜுக்குச் சந்திராஷ்டமத்தில் பெரிய நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் நம்பாதவனுக்கும் ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் கை பின்னால் போய்விடும். அவன் வாட்சை மனைவியிடம் நீட்டினான். "நீ கட்டிக்கோ கோகி. மூணு நாள் கழிச்சு நான் போட்டுக்கறேன். சும்மா கெடக்கறதுக்கு உன்ற கையில கெடக்கட்டும்."

அவள் கட்டிக்கொண்டாள். கடைக்காரர் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருந்தார். மூன்று காலை அதோடு ஓடினாள், அதோடு குளித்தாள், அதோடு தூங்கினாள். எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தபோது வாட்ச் ஒருமுறை அதிர்ந்து, 'யுவராஜ், உங்கள் இதயம் பதிவாகிவிட்டது' என்றது. அவள் அதைக் கழற்றித் துடைத்துப் பெட்டியோடு அவனிடம் கொடுத்தாள். படித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் பதினோரு மாதம் யுவராஜுக்கு நல்ல காலம். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே வாட்சைப் பார்ப்பான். ஓய்வில் ஐம்பத்திரண்டு. ஆபீசில் எல்லாருக்கும் எழுபது, எண்பது என்று இருக்கும்போது இவனுக்கு மட்டும் ஐம்பத்திரண்டு. டீக்கடையில் கையை நீட்டி நீட்டிக் காட்டினான்.

"அது எப்படீங்க உங்களுக்கு அம்பத்திரண்டு? ஓட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகலியே" என்று கோகிலவாணி ஒருமுறை கேட்டாள்.

"உன்ற சமையலத் தின்னா உன்ற நம்பர்தான வரும்" என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

ஓடும்போது வாட்ச் அவனுக்குப் பச்சை காட்டியது. மேட்டில் ஏறும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்குவான், உதடு வெளுத்துப்போகும். மெதுவாப் போங்க என்பாள். அவன் கையைத் திருப்பிக் காட்டுவான். பச்சை. அதற்குக் கீழே ஒரு வரி: 'இன்னும் வேகம் கூட்டலாம்.' கூட்டினான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துக் கிலோமீட்டர் பந்தயத்தில், எட்டாவது கிலோமீட்டரைத் தாண்டி யுவராஜ் விழுந்தான். கோகிலவாணி அன்று பள்ளிப் பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போயிருந்தாள். நீளம் தாண்டும் மணலை வாரிச் சமன்படுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மிச்ச மணலையும் வாரி முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்தாள்.

அதிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. எடுத்துப் போட்டார்கள், எரித்தார்கள், பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, எல்லாவற்றையும் அவள் பக்கத்து வீட்டு விசேஷத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றாள். அழு கண்ணு, அழுதுரு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கும் அழலாம் என்றுதான் இருந்தது, வரவில்லை. பசித்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். விடிந்ததும் நெஞ்சுப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினாள். ஓடிவிட்டு வந்து பார்த்தால் நூற்று நாற்பது, குளித்துவிட்டு வந்தால் அறுபது. இதயம் அதன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. அது அவளுக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது.

புவனேஸ்வரிக்கு அப்படியில்லை. அழுது அழுது தொண்டை கட்டி, அழ முடியாமல் போனதும் கோபம் வந்தது. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, ஆளும் கிடைத்தாள். எட்டாவது கிலோமீட்டர் முதலுதவிக் கூடாரத்தில் இருந்த நர்ஸ், இருபத்து நான்கு வயது, பெயர் நஸ்ரின்.

"ஓடிட்டிருந்த இதயத்த அமுக்கி நிறுத்திட்டா அந்தப் புள்ள" என்று புவனேஸ்வரி சொன்னாள். அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. பதிவே அப்படித்தான் சொன்னது. யுவராஜ் விழுந்த அடுத்த நிமிஷத்தில் தொண்ணூற்றாறு. கீழே கிடந்தபோது தொண்ணூற்று நாலு. நர்ஸ் அவன் மார்பில் கை வைத்து அமுக்க ஆரம்பித்தபோதும் தொண்ணூற்று நாலு. ஆஸ்பத்திரியில் வாட்சைக் கழற்றும்வரை முப்பத்தொரு நிமிஷம் அந்த இதயம் அழகாகத் துடித்துக்கொண்டிருந்தது. பிரேதப் பரிசோதனையில் விலா எலும்பு நாலு முறிந்திருந்தது, இதயம் பருத்திருந்தது. அது எந்த நிமிஷத்தில் நின்றது என்று மட்டும் உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வாட்ச் இருந்தது. துடிக்கிற இதயத்தின் மேல் ஏறி அமுக்கி ஆளைக் கொன்றாள் என்று வழக்கு. விசாரணை முடிகிறவரை வேலைக்குப் போகக் கூடாது, குற்றம் உறுதியானால் ஜெயில்.

முப்பத்தெட்டாம் நாள் நஸ்ரின் பள்ளி மைதானத்துக்கு வந்தாள். வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, பிள்ளைகள் வகுப்புக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, நான்தான் நஸ்ரின்" என்றாள். "உங்க வீட்டுக்கு வரப் பயமா இருந்துச்சு. அதான் இங்க வந்தேன்."

"சொல்லுங்க."

"கழுத்துல நாடி இல்லீங்க்கா. சத்தியமா இல்ல. மொதல்ல நானும் வாட்சத்தான் பாத்தேன். தொண்ணூத்தாறு இருந்துச்சு. கூட இருந்தவங்க மயக்கம்தான், குளுக்கோஸ் குடுக்கலாம்னாங்க. ஆனா மொகம் அப்படி இல்லீங்க்கா. நாலு நிமிஷம் போயிருச்சு. அப்பறந்தான் கழுத்துல கை வெச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. வாட்ச் துடிக்குதுங்குது, கழுத்து இல்லைங்குது. நான் கழுத்த நம்புனேன்."

கோகிலவாணி விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்ணைப் பார்த்துக் கோபப்பட வேண்டும், அல்லது பாவம் என்று நினைக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது வருமா என்று பார்த்தாள்.

"அந்த நாலு நிமிஷத்துக்கு என்னய என்ன வேணா பண்ணட்டும்" என்றாள் நஸ்ரின். "வாட்ச நம்பி ஒக்காந்திருந்தது தப்புத்தான். ஆனா அமுக்குனது தப்பில்லீங்க்கா. அத மட்டும் நீங்க நம்புனாப் போதும்." பையிலிருந்து நாலைந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். குற்றப்பத்திரிகையோடு வந்த துடிப்பு வரைபடம். "இத நூறு தடவை பாத்துட்டேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க ஓடறவங்கன்னு சொன்னாங்க. பாத்துச் சொல்லுங்க."

அவள் போன பிறகு கோகிலவாணி தாளைப் பிரித்தாள். பந்தயம் தொடங்கியதிலிருந்து கோடு ஏறியது, மேட்டில் ஏறியது, மேடு முடிந்ததும் இறங்கியது. இறங்கும்போது நேராக இறங்கவில்லை. பாதி இறங்கி, அங்கே ஐந்தாறு நொடி நின்று, மறுபடி மீதியும் இறங்கியது. ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் அதேதான்.

அவளுக்கு அந்த இறக்கம் தெரியும். கல்லூரியில் பயிற்சியாளர் அதைக் காட்டித்தான் கேலி செய்வார், உன் இதயத்துக்கு மாடிப்படியில் நடுவில் நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கம் என்பார். இருபது வருஷமாகத் தினமும் நெஞ்சுப்பட்டைக் கணக்கில் அவள் பார்க்கிற கோடு. தன் கையெழுத்தை அடுத்தவன் நோட்டில் பார்த்தால் தெரியாமல் போகுமா?

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவள் நிதானமாக யோசித்தாள். அந்த மூன்று நாள். வாட்ச் அவளுடைய இதயத்தைப் படித்து அவன் பெயரை எழுதிவிட்டது. அப்புறம் அவன் கட்டியபோது, அவன் இதயம் முழுக்கப் பிழையாகத் தெரிந்திருக்கிறது. திருத்தியிருக்கிறது. பதினோரு மாதம் அவனைத் திருத்தித் திருத்தி அவளாக்கியிருக்கிறது. அவள் இதயம் தாங்குகிற வேகத்தை அவனுக்குச் சொல்லி, இன்னும் கூட்டு என்றிருக்கிறது. அவன் செத்த பிறகும் முப்பத்தொரு நிமிஷம் அவள் இதயத்தைக் காட்டியிருக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், அவள்தான் அவனைக் கொன்றிருக்கிறாள், தன்னுடைய நல்ல இதயத்தால்.

இந்த நினைப்புக்காவது உடைந்துவிட வேண்டும். உடையவில்லை. அடுத்த பீரியடுக்கு மணி அடித்தது, எட்டாம் வகுப்புக்குக் கோகோ விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போனாள்.

விசாரணை நாற்பத்தொன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, முத்திரை வாட்ச் பதிவுகளைச் சரிபார்க்கிற இதயப் பதிவு அலுவலகத்தில். பழைய கட்டடம், புது மேஜை. சுவரில் ஒரு பலகை: 'ஒருவர் இதயத்தை மற்றொருவர் பெயரில் பதிவது குற்றம். இரண்டாண்டு வரை சிறை.' கோகிலவாணி அதை ஒருமுறை படித்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டாண்டு என்றால் வேலை போகும். போனால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எதிர் வரிசையில் நஸ்ரின், கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணிக்குப் பக்கத்தில் புவனேஸ்வரி.

விசாரணை அதிகாரி அந்தோணிராஜ் ஓய்வுக்குச் சமீபத்தில் இருந்தவர். வரைபடத்தைத் திரையில் போட்டார். "பதிவு சுத்தமா இருக்குது. இதுல ஏதாவது சொல்லணுமுங்களா அம்மா?" என்று வழக்கத்துக்காகக் கேட்டார்.

"சொல்லணுமுங்க" என்று கோகிலவாணி எழுந்தாள். "அது அவரோட இதயம் இல்லீங்க. என்னோடது."

புவனேஸ்வரி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "என்ன பேசற நீ?"

"உண்மையத்தான் பேசறேனுங்க அண்ணி." அவள் நடந்ததைச் சொன்னாள். கடை, பொத்தான், போன், மூன்று நாள். சந்திராஷ்டமம் என்று வந்ததும் புவனேஸ்வரியின் கை புடவையிலிருந்து தானாக விழுந்தது. யார் போன் செய்தது என்று கோகிலவாணி சொல்லவில்லை, சொந்தக்காரங்க என்றாள். அதற்கு மேல் அவளுக்கு அந்த அறையில் யாரையும் குத்தத் தெம்பில்லை.

அந்தோணிராஜ் பேனாவை மூடினார். "நீங்க சொல்றது உங்களுக்கே கேசாகுமுங்க. தெரியுமல்ல?"

"பலகையப் படிச்சனுங்க."

அலுவலகத்துத் தொழில்நுட்ப ஆள் இலக்கியா, முத்திரையிட்ட உறையிலிருந்து யுவராஜின் வாட்சை எடுத்துச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தாள். கோகிலவாணியின் மணிக்கட்டில் கட்டினாள். பின்பக்கம் பச்சையாக மினுக்கியது. இரண்டே நொடியில், 'வணக்கம், யுவராஜ்' என்றது. அறுபத்தொன்று. எந்தத் திருத்தமும் இல்லை.

"சார், அப்படியே பொருந்துது" என்றாள் இலக்கியா. "இவங்க இதயந்தான் இது. பதிவு செல்லாது." அவள் நஸ்ரின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அப்படின்னா விழுந்தப்ப அவர் இதயம் ஓடுச்சா நின்னுச்சான்னு அடிப்பதிவத் தொறந்தாத் தெரிஞ்சுரும். திருத்தறதுக்கு முந்தி வாட்ச் நெசமாப் பாத்தது எல்லாம் உள்ள இருக்கும். பிழைன்னு பேர் போட்டு ஒதுக்கி வெச்சிருக்கும். பதிவு செல்லாதுன்னு யாராவது சொன்னாத்தான் அதத் தொறக்க முடியும். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"தொறங்க" என்றார் அந்தோணிராஜ்.

திரையில் பிழைகள் வந்தன. பதினோரு மாதத்துப் பிழைகள். கோகிலவாணி முதல்முறையாகத் தன் கணவனின் இதயத்தைப் பார்த்தாள். மேட்டில் ஏறும்போது நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு. நடுநடுவே துடிப்புகள் தடுக்கி விழுந்து எழுந்தன. இறங்கும்போது மாடிப்படி எதுவும் இல்லை. கடைசி நாளில் எட்டாவது கிலோமீட்டரில் கோடு ஒரு நிமிஷம் கன்னாபின்னாவென்று நடுங்கிவிட்டு நேராகப் படுத்தது. கீழே நேரம் இருந்தது. நர்ஸ் கை வைப்பதற்கு நாலு நிமிஷம் இருபது நொடி முன்னால்.

"நின்ன இதயத்தத்தான் அமுக்கியிருக்காங்க" என்று அந்தோணிராஜ் மெதுவாகச் சொன்னார். "இந்தப் பொண்ணு மேல குற்றமில்ல. இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன்." நஸ்ரின் மடித்த கைக்குட்டையைப் பிரித்து முகத்தைத் துடைத்தாள். அவர் கோகிலவாணி பக்கம் திரும்பினார். "உங்க விஷயந்தான் பாக்கி. வேணும்னே செஞ்சீங்களா, தெரியாமச் செஞ்சீங்களான்னு நான் எழுதணும். ஏம்மா இலக்கியா, வேற ஆள் போட்டா அந்த வாட்சுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த கேக்காதா?"

"கேக்குமுங்க சார். வித்தியாசம் ரொம்ப அதிகமாப் போனாக் கேக்கும். எல்லாரும் படிக்காமத் தட்டிட்டுப் போயிருவாங்க." அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "இங்க இருக்குது பாருங்க. அவர் கட்டுன மொத நாளே கேட்டிருக்குது. 'இந்த இதயம் யுவராஜுடையதாகத் தெரியவில்லை. நீங்கள் யுவராஜ்தானா?' அவரு 'ஆம், நான்தான்'னு போட்டிருக்காரு. ஆள் சொல்லிட்டாருன்னா வாட்ச் என்ன நெனைக்கும், அப்ப பிழை எங்கிட்டத்தான்னு திருத்திக்கும். அடுத்த வாரம் திரும்பக் கேட்டிருக்குது. 'ஆம், நான்தான்.' மொத்தம் நாப்பத்தொரு தடவை."

"பொய் சொல்லலியே" என்றார் அந்தோணிராஜ், தனக்குத்தானே சொல்வதுபோல. "அவர் யுவராஜ்தான?"

"ஆமாங்க சார். அவர் நெசத்தத்தான் சொல்லியிருக்காரு." இலக்கியா விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள். தேதியும் நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. "கடைசியாக் கேட்டது அந்த ஞாயித்துக்கெழம காலைல, ஏழு நாப்பத்தாறுக்கு. விழறதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி. ஓடிட்டே அமுக்கியிருக்காரு."

திரையில் அந்த வரி நின்றது. 'ஆம், நான்தான்.'

கோகிலவாணி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, உதடு வெளுத்து, வேர்வை வழிகிற விரலால் அவன் அதை அமுக்குவதைப் பார்த்தாள். நாற்பத்தொரு தடவை அவன் இந்த உலகத்திடம் தான் யார் என்று சொல்லியிருக்கிறான். நாற்பத்தொரு தடவையும் அது சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அவனை அழித்துவிட்டு அவளை எழுதியிருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் படுத்திருந்தவளுக்கும் அது தெரியவில்லை.

அவள் நெஞ்சு கட்டுப்பாடில்லாமல் அடிக்க ஆரம்பித்தது. இருபது வருஷ ஓட்டத்தில் அவள் இதயம் ஒருநாளும் அப்படி அடித்ததில்லை. மேட்டில் இல்லை, கடைசிச் சுற்றில் இல்லை.

மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

'இந்த இதயம் யுவராஜுடையதாகத் தெரியவில்லை. நீங்கள் யுவராஜ்தானா?'

இலக்கியா பதறி, "இருங்கக்கா, நான் கழட்டிடறேன்" என்று கையை நீட்டினாள். கோகிலவாணி கையை இழுத்துக்கொண்டாள். திரையில் ஒரு பக்கம் ஆம், ஒரு பக்கம் இல்லை. எழுத்து கலங்கித் தெரிந்தது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் கலங்கித்தான் தெரிந்தது.

இல்லை என்பதை அமுக்கினாள்.

வாட்ச் வேறெதுவும் கேட்கவில்லை. யுவராஜின் பெயர் திரையிலிருந்து போயிற்று, பின்பக்க விளக்கு அணைந்தது. கோகிலவாணி அந்தப் புது மேஜையின் மேல் கவிழ்ந்து, ஆபீஸ் என்றும் பாராமல், வாய்விட்டு ஓவென்று அழுதாள். புவனேஸ்வரி அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, நான்தான் கண்ணு போன் பண்ணுனேன், நான்தான் என்று அரற்றினாள்.

நஸ்ரின் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து தரையில் மண்டி போட்டாள். வாட்சைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அந்த மணிக்கட்டைத் திருப்பி, நர்ஸ்களுக்கு உள்ள வழக்கப்படி இரண்டு விரலை வைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் உதட்டுக்குள் எண்ணினாள்.

"நூத்தி முப்பத்தெட்டுக்கா" என்றாள். "உங்களோடதுதான்."